முற்றம் கடவாத மூப்பு: புறநானூற்றுப் பாடல்கள் மூன்றில் உடல்நலிவும் மனச்சோர்வும்

முன்னுரை

முதுமையைப் பாடும் பழந்தமிழ்ச் செய்யுள்களை நிலையாமை உணர்த்தும் செய்யுள்களாகவே பயிற்றுவிப்பது நம் வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். இளமை கழியும், உடல் தளரும், ஆதலின் இன்றே அறம் செய்க என்பதே மாணவர் எழுதும் விடை. நாலடியாரின் 'இளமை நிலையாமை' அதிகாரத்திற்கு இவ்விடை பொருந்தும். புறநானூற்றின் முதுமைப் பாடல்கள் அனைத்திற்கும் இதனையே விடையாகக் கொள்ளும்பொழுது, பாடலில் பேசும் முதியவர் மறைந்து அறிவுரை மட்டும் எஞ்சுகிறது.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் பாடல், தொடித்தலை விழுத்தண்டினாரின் 243ஆம் பாடல், பிசிராந்தையாரின் 191ஆம் பாடல் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்து நோக்குகிறது. உடல்நலிவு தானாகவே மனச்சோர்வாக மாறிவிடுவதில்லை, இரண்டிற்கும் இடையே 'இளிவு' என்னும் ஒரு நிலை உண்டு, அந்நிலை பிறரால் உண்டாவது, எனவே பிறரால் நீக்கத்தக்கது என்பதே இம்மூன்று பாடல்களும் சேர்ந்து உணர்த்தும் பொருள் என்பது இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்து ஏட்டளவில் நிற்பதன்று. நம் வீட்டு முதியோரின் சொற்களை நாம் எவ்வாறு கேட்கிறோம் என்பதோடு அது தொடர்புடையது.

நலிவும் சோர்வும்: இன்றைய அறிவு

'உடல்நலிவு' என்பதனை முதுமையின் பொதுப்பெயராக இன்றைய முதியோர் மருத்துவம் கொள்வதில்லை. லிண்டா ஃபிரீட் முதலானோர் 2001இல் வகுத்த வரையறையில் ஐந்து கூறுகள் உள்ளன. தானாக எடை குறைதல், களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை தாழ்தல், உடலியக்கம் குறைதல் என்பன அவை. மூன்றோ அதற்கு மேலோ உடையவர் நலிவுற்றவர். ஒன்றோ இரண்டோ உடையவர் நலிவின் வாயிலில் நிற்பவர். ஒரே வயதினர் இருவருள் ஒருவர் நலிவுற்றிருக்க மற்றவர் உறுதியோடு இருத்தல் கூடும்.

இவ்வரையறையில் இலக்கிய மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஐந்து கூறுகளுள் ஒன்றான களைப்பை அளக்க ஃபிரீட் குழுவினர் பயன்படுத்திய இரு கூற்றுகளும், 1977இல் வெளிவந்த ஒரு மனச்சோர்வு அளவுகோலிலிருந்து எடுக்கப்பட்டவை. செய்வதெல்லாம் பெருமுயற்சியாகத் தோன்றுகிறதா, எதையும் தொடங்கவே இயலவில்லையா என்பன அவற்றின் கருத்து. உடலை அளக்க வகுத்த கருவிக்குள்ளேயே மனத்தைப் பற்றிய வினா அமைந்திருக்கிறது. ஆகவே நலிவுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பில் ஒரு பகுதி அளவுகோலிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். அதனை ஒதுக்கிப் பார்த்தாலும் தொடர்பு வலிமையானதே. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நலிவுற்ற முதியோருள் 10 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு மனச்சோர்வு இருப்பதையும், மனச்சோர்வுடைய முதியோருள் அதே அளவினர் நலிவுற்றிருப்பதையும் காட்டியது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. நடக்க இயலாதவர் வீட்டிலேயே இருக்கிறார். தனித்திருப்பவர் உணவில் நாட்டம் இழக்கிறார். உண்ணாதவரின் தசை மேலும் மெலிகிறது.

தமிழில் 'தளர்ச்சி', 'சோர்வு' ஆகிய இரு சொற்களும் உடலுக்கும் மனத்திற்கும் பொதுவாக வழங்குகின்றன. 'உடம்புக்கு முடியவில்லை' என்று கூறும் மூதாட்டி எதனைக் குறிக்கிறார் என்பதை அச்சொற்களைக் கொண்டு மட்டும் தெளிய இயலாது. இதனை மொழியின் குறையாகக் கருதவேண்டியதில்லை. இரண்டும் பிரித்தறிய இயலாதவாறு பின்னிக்கிடக்கும் அனுபவத்தை மொழி அவ்வாறே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தொல்காப்பியரின் வைப்புமுறை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகைக்குரிய நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறுகிறது. மூப்பு அவற்றுள் இடம்பெறவில்லை. அது இளிவரலுக்குரிய நான்கனுள் முதலாவதாக, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு வைக்கப்பட்டுள்ளது. பேராசிரியர் உரை, இளிவு என்பதனைப் பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுதல் என்றும், அசைவு என்பதனைப் பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்றும் விளக்கிச் செல்கிறது.

இவ்விரு நூற்பாக்களையும் இணைத்து நோக்குவோமாயின் ஒரு வரிசை புலப்படும். மூப்பும் பிணியும் மென்மையும் இளிவரலைப் பிறப்பிக்கின்றன. இளிவு அழுகையைப் பிறப்பிக்கிறது. மூப்பிலிருந்து அழுகைக்கு நேர்வழி கூறப்படவில்லை. இவ்வரிசையைத் தொல்காப்பியர் வெளிப்படக் கூறினார் என்பது நம் கருத்தன்று. இரு நூற்பாக்களின் வைப்புமுறை அதற்கு இடந்தருகிறது என்பதே கருத்து. தளர்ந்த உடல் தன்னளவில் துயரம் ஆகாது. தளர்ந்தமையால் தான் எளியவராக்கப்பட்டதை உணரும்பொழுதே அது துயரமாகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று பாடல்களையும் காண்போம்.

பெருஞ்சித்திரனாரின் தாய்

159ஆம் பாடல் பாடாண் திணை, பரிசில் கடாநிலைத் துறை. பரிசில் வேண்டும் புலவர் தம் வறுமையைச் சொல்வது மரபாதலின், பாடலின் தொடக்கத்தில் வரும் முதிய தாயை வறுமைச் சித்திரத்தின் ஓர் உறுப்பாகக் கருதிக் கடந்துவிடுவது எளிது. அவளுக்குப் புலவர் அளித்துள்ள அடிகளைப் பொறுமையாக நோக்கினால் அவற்றின் நுட்பம் விளங்கும். வாழ்ந்த ஆண்டுகள் பலவாகியும் தன் உயிர் நீங்கவில்லையே என்று அவள் பலகாலும் வெறுத்துரைக்கிறாள். கோலையே காலாகக் கொண்டு குறுகிய அடிகள் பல வைத்து நடக்கிறாள். கூந்தல் நூலை விரித்தாற்போல் வெளுத்திருக்கிறது. கண்ணொளி மழுங்கிவிட்டது. வீட்டின் முற்றத்தைத் தாண்டி அவள் செல்வதில்லை.

மேலே கண்ட ஐந்து கூறுகளுள் நடை தாழ்தலும் இயக்கம் குறைதலும் இங்கு வெளிப்படையாக உள்ளன. குடும்பமே பசித்திருக்கும் பாடலில் உடல் மெலிவையும் களைப்பையும் தனியே சொல்லவேண்டியதில்லை. புலவர் இவற்றைச் சொல்லும் வரிசையே இங்குக் கருதத்தக்கது. சாவை வேண்டும் சொல் முதலில் வருகிறது. தளர்ந்த நடையும் மங்கிய கண்ணும் அதன்பின் வருகின்றன. கேட்போர் முதலில் அறிவது அவளுடைய மனத்தை. மனச்சோர்வைக் கண்டறிய இன்று பயன்படும் முதியோர் மனச்சோர்வு அளவுகோலிலும், வெளியே செல்வதைவிட வீட்டிலிருப்பதையே விரும்புகிறீரா என்னும் கருத்துடைய வினா ஒன்று உண்டு. முற்றத்தோடு நின்றுவிடுதல் உடலின் குறியா, மனத்தின் குறியா என்னும் ஐயத்தைப் புலவரும் தீர்த்துவைக்கவில்லை.

அவள் பேச்சைக் குறிக்கப் புலவர் ஆளும் 'புலத்தல்' என்னும் வினையும் நோக்கத்தக்கது. அகப்பாடல்களில் உரிமையுடையோரிடம் கொள்ளும் ஊடலுக்கு வழங்கும் வினை அது. ஊடலுக்குக் கேட்போர் ஒருவர் வேண்டும். தன் உயிரையே ஊடிக் கடியும் இம்மூதாட்டியின் சொல், சாவை விரும்பும் முடிவுரையாக மட்டும் நின்றுவிடாமல், செவிகொடுப்பாரை நாடும் முறையீடாகவும் அமைகிறது. நம் வீடுகளில் 'எமன் என்னை மறந்துவிட்டான்' என்று பாட்டிமார் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். சிரித்தோ கடிந்தோ அச்சொல்லைக் கடந்துவிடுவதே நம் வழக்கம். பெருஞ்சித்திரனார் அவ்வாறு கடந்துவிடாமல் அதனை அரசன் அவைவரை கொண்டுசென்றார்.

பாடல் இத்துடன் நின்றிருந்தால் அதனை இரக்கச் சித்திரம் என்று கூறி அமையலாம். பசியால் வாடிய மனைவியையும் சொல்லிய பின்னர், அவ்விருவர் உள்ளமும் மகிழும் வண்ணம் பரிசில் வேண்டும் என்று புலவர் கேட்கிறார். மனைவியோடு தாயும் மகிழ்தற்குரியவளாக எண்ணப்படுகிறாள். அதற்கு அவர் காட்டும் உவமை, காட்டை எரித்துப் பண்படுத்திய புனத்தில் கதிர் ஈன இயலாமல் நிற்கும் பயிருக்கு மழை வந்து பொழிதல். பயிர் பட்டுப்போகவில்லை, நீரின்றி நிற்கிறது. சாவை வேண்டும் மூதாட்டியையும் நீருக்குக் காத்திருக்கும் பயிராகக் கண்ட பார்வை இது. வயதானால் மனம் இப்படித்தான் இருக்கும் என்னும் முடிவுக்கு இவ்வுவமை இடந்தரவில்லை.

அதே பாடலில், யானையே ஆயினும் முகமலர்ச்சியின்றி அளித்தால் கொள்ளேன், உவந்து அளித்தால் குன்றிமணியளவும் கொள்வேன் என்னும் கருத்தும் வருகிறது. கொடையின் அளவைவிடக் கொடுக்கும் முறையே இளிவை நீக்குவது என்பதைப் புலவர் அறிந்திருந்தார். வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் முதியவருக்குக் கிடைத்தும் அவர் முகம் மலராதிருப்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

தொடித்தலை விழுத்தண்டினார்

243ஆம் பாடல் பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை. கையறுநிலை இறந்தோரை எண்ணி இரங்குதற்குரிய துறை. இப்பாடலில் இறந்தவர் எவருமிலர், இறந்துபட்டது இளமை. மணற்பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துப் பொய்கையில் ஆடியதும், ஒளிவுமறைவற்ற தோழரோடு திரிந்ததும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையிலிருந்து கரையிலுள்ளோர் வியக்க மடுவிற் பாய்ந்து அடிமணலை எடுத்துவந்ததும் நினைவுகூரப்படுகின்றன. பூண் கட்டிய தடியை ஊன்றி நடுங்கி, இருமலுக்கு இடையே சில சொற்கள் மட்டும் பேசும் இன்றைய நிலையில், அவ்விளமை எங்கே என்று முதியவர் வினவுகிறார்.

இழந்த உடல்வலிமையை எண்ணும் பாடலாகவே இது பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. நினைவில் வரும் காட்சிகளை எண்ணிப் பார்த்தால் அவற்றுள் ஒன்றேனும் தனித்திருந்த காட்சி அன்று என்பது விளங்கும். மடுவிற் பாயும் வீரச்செயல்கூடக் கரையில் நிற்போரின் வியப்பால் நிறைவுபெறுகிறது. முதுமையைச் சொல்லும் அடிகளில் தடியைத் தவிரத் துணையில்லை. இருமல் இடைமறிக்கும் பேச்சு உடற்குறைபாடு மட்டுமன்று. உரையாடல் அற்றுப்போன வாழ்வின் அடையாளமும் ஆகும். பேராசிரியர் கூறும் அசைவு, அதாவது பண்டைய நிலை கெட்டு வேறாதல், இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. தோழர் கூட்டத்தில் இருந்தவர் தனியராகிவிட்டார் என்பதே நேர்ந்த பெருமாற்றம்.

பிசிராந்தையாரின் விடை

191ஆம் பாடல் பொதுவியல் திணை, பொருண்மொழிக் காஞ்சித் துறை. கோப்பெருஞ்சோழனைத் தேடிவந்த பிசிராந்தையாரிடம், ஆண்டுகள் பலவாகியும் உமக்கு நரையின்மை எவ்வாறு என்று அங்கிருந்தோர் வினவினர். மனைவியும் மக்களும் பண்பில் நிரம்பியவர். ஏவலர் என் கருத்தையே தம் கருத்தாகக் கொண்டவர். அரசன் அல்லவை செய்யாது காக்கிறான். என் ஊரில் அடக்கமும் கல்வியும் வாய்ந்த சான்றோர் பலர் உளர் என்பது அவர் விடை. வினா உடலைப் பற்றியது. விடையில் உணவோ மருந்தோ உடற்பயிற்சியோ இல்லை. விடை முழுதும் சூழ இருக்கும் மக்களைப் பற்றியது.

இதனை மருத்துவச் சான்றாகக் கொள்ள இயலாது என்பது வெளிப்படை. நரையின்மைக்கு நல்ல சுற்றம் காரணம் என்பது புலவர் கூற்றேயன்றி ஆய்வு முடிவன்று. மேலும் ஏவலரை உடைய ஓர் ஆடவரின் முதுமையும், வறுமையுற்ற குடிலில் வாழும் ஒரு பெண்ணின் முதுமையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல. அவ்வேறுபாடே நம் கருத்துக்குத் துணையாகிறது. ஆண்டுகள் கடந்த முதுமை இருவர்க்கும் பொது. ஒருவரைச் சூழ மதிப்பு இருந்தது. மற்றவரைச் சூழ வறுமையும் ஒரு முற்றமும் இருந்தன. துயரம் ஆண்டுகளால் மட்டும் விளைந்ததாயின் இருவரும் ஒரே மொழியில் பேசியிருத்தல் வேண்டும்.

பேசாத முதியவர்

பிற்கால இலக்கியத்தில் முதியவரின் குரல் எவ்வாறு தாழ்ந்தது என்பதற்கு மணிமேகலை ஒரு சான்று. காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலை, உதயகுமாரனுக்கு ஒரு நரைமூதாட்டியைக் காட்டி, கூந்தல் முதலாக ஒவ்வோர் உறுப்பும் அழகு இழந்ததைச் சொல்கிறாள். இளிவரலைப் பிறர் கண்ணால் மட்டும் காட்டும் பகுதி இது. இளமையின் பொய்மையை அரசிளங்குமரனுக்கு உணர்த்துவது காப்பிய நோக்கம். அந்நோக்கத்திற்கு அம்மூதாட்டி பேசவேண்டிய தேவை இல்லை. அவளுடைய உடல் பாடமாகிறது, அவள் மனம் என்னவாயிற்று என்று கேட்பாரில்லை.

மலேசியத் தமிழ்ப் புனைவிலும் இந்நிலை வேறு வடிவில் தொடர்கிறது. தோட்டப்புறக் கதைகள் பலவற்றில் தளர்ந்த முதியவர், உழைத்த சமூகத்திற்கு இழைக்கப்பட்ட அநீதியின் சாட்சியாக நிறுத்தப்படுகிறார். அச்சாட்சியம் தேவையானதே. எனினும் சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் அவர் எவ்வாறு உறங்குகிறார், யாரிடம் பேசுகிறார் என்று வினவப்படுவதில்லை. ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' (1998) இவற்றினின்றும் வேறுபட்டு, புற்றுநோயுற்ற முதியவரின் அகத்தை நாவலின் களமாக்கியது. எனினும் பெயருடைய நோய்க்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கதைக்கு அது இசைவாக அமையும். பெயரில்லாமல் ஆண்டுக்கணக்கில் நீளும் நலிவைக் கதையாக்குவது அரிது. பெருஞ்சித்திரனாரின் தாய்க்கு எந்நோயும் கூறப்படவில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ரவாங்கின் முற்றங்கள்

இவ்வாசிப்பின் தேவையை ஓர் ஊரைக் கொண்டு விளக்குதல் நன்று. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் முதன்முதலில் அச்சேற்றிய 1894ஆம் ஆண்டிலேயே, ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை ஆகியோர் நீரிறைக்க மின்விசையைப் பயன்படுத்தினர். மலாயாவில் மின்சாரம் முதலில் பயன்பட்ட இடம் என்று ரவாங் போற்றப்படுவது இதனால்தான். ஈயத்திற்குப்பின் ரப்பர் வந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்குப்பின் தாமான்கள் வந்தன. 1995இல் கொம்யூட்டர் இரயில் சேவை தொடங்கியபின் கோலாலம்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோரின் ஊராக அது வளர்ந்தது.

தோட்டத்து லயத்தில் வீட்டுமுன் திண்ணையும் வாசலும் பொதுவிடம். பால்மரம் வெட்டும் வலு குறைந்த மூதாட்டியும் அங்கு அமர்ந்து போவோர் வருவோரோடு பேசலாம். ஆயாக்கொட்டகைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம். லயத்து வாழ்க்கையைப் பொற்காலமாக்குவது நம் நோக்கமன்று. அங்கு வறுமையும் நோயும் குறைந்த கூலியும் இருந்தன. ஆனால் நலிந்தவர்க்கும் ஒரு பயன்பாடும் சில காதுகளும் இருந்தன. இன்றைய வரிசை வீட்டில் வாசலுக்கு இரும்புக் கிராதி உண்டு. மகனும் மருமகளும் விடியலில் இரயிலேறினால், பாதுகாப்பிற்காகக் கிராதி பூட்டப்படுகிறது. அன்பினால் இடப்பட்ட பூட்டே அது. சங்கத் தாய் தளர்ச்சியால் முற்றத்தைத் தாண்டவில்லை. தாமான் மூதாட்டிக்குத் தளர்ச்சியோடு பூட்டும் சேர்ந்துகொள்கிறது.

2018ஆம் ஆண்டு மலேசியத் தேசிய உடல்நல ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதையும், 17 விழுக்காட்டினர் குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் குறைபாடு உடையோராக இருப்பதையும் பதிவுசெய்தது. இவை நாட்டளவிலான எண்கள். 2030இல் நம் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தோராக இருப்பர் எனவும் கணிக்கப்பட்டுள்ளது.

மனச்சோர்வை அறியும் வினாக்கள் ஆம், இல்லை என்னும் விடைகளை வேண்டுவன. தமிழ் மட்டுமே இயல்பாகப் பேசும் ஒரு மூதாட்டியிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ அவ்வினா கேட்கப்பட்டு, உடன்வந்த பேரன் மொழிபெயர்ப்பதாகக் கொள்வோம். வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா என்பதற்குப் பேரன் முன்னிலையில் அவர் 'ஆம்' என்பாரா? இல்லை என்றே சொல்வார். வீடு திரும்பியபின் எமனை வைவார். உண்மையான விடை அந்த வசவில் இருக்கிறது. அதனைப் புலவியாகக் கேட்டறியும் பயிற்சியை இலக்கியம் அளிக்கவேண்டும்.

முடிவுரை

மூன்று பாடல்களும் உடல்நலிவை மறைக்கவில்லை. அதனை வெல்லலாம் என்று பொய்யுரைக்கவும் இல்லை. நலிவு துயரமாகும் இடத்தில் இளிவு நிற்கிறது என்பதை 159ஆம் பாடலும், உறவு அறுதலே பேரிழப்பு என்பதை 243ஆம் பாடலும், மதிப்புடைய சுற்றத்தில் முதுமை வேறு முகம் கொள்ளும் என்பதை 191ஆம் பாடலும் காட்டுகின்றன. முதியோரின் மனச்சோர்வு மருத்துவத்தால் தணியக்கூடியது. தசைவலிமைப் பயிற்சியாலும் போதிய புரத உணவாலும் நலிவும் ஓரளவு மீளக்கூடியது. இவற்றை நாடவேண்டும் என்னும் எண்ணமே, இது வயதின் இயல்பு என்னும் தீர்ப்பு நீங்கிய பின்னர்தான் ஒருவர்க்குத் தோன்றும். அத்தீர்ப்பை நிலையாமைப் பாடமாக வகுப்பறையில் உறுதிப்படுத்துவோராக நாம் இருத்தலாகாது.

159ஆம் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், திணையும் துறையும் கூறியபின், அத்தாயின் உள்ளம் எதனால் மகிழும் என்று புலவர் கருதினார் என்னும் வினாவையும் மாணவர்முன் வைக்கலாம். வீட்டிலுள்ள மூத்தோர் அன்று கூறிய சொற்களைக் கேட்டெழுதி வருமாறும் பணிக்கலாம். அவ்வாறு எழுதிவரும் தாள்களில் சாவை வேண்டும் சொல் ஒன்றேனும் இருக்குமாயின், அதனை இலக்கிய ஒப்புமையாகப் பாராட்டி மதிப்பெண் இடுவதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. அக்குடும்பத்தாரை அழைத்துப் பேசுதலும் பாடத்தின் பகுதியே.